இருபத்தேழு காலைகள்

“கடைசியா அந்தக் குழாயைத் தொட்டது யாருடி?”

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அம்மா என்னைக் கேட்டாள். அவளுடைய வலது கையில் அப்போதுதான் போட்ட மாவுக்கட்டு இன்னும் ஈரமாக இருந்தது. கோபமாகக் கேட்கவில்லை. கைநழுவிய ஊசி எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

“தெரியலம்மா. நான் வாளித் தண்ணியிலதான் சாப்பாட்டு டப்பாவைக் கழுவினேன்” என்றேன்.

பொய். வாளி அன்று காலையில் கவிழ்ந்து கிடந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது.

அம்மாவுக்கு மூட்டுவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் கீழ்வீட்டுத் தையல்காரருக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது சட்டை. ஒரு நாள் காலையில் ஊசி பிடிக்க விரல் மடங்கவில்லை. மறுநாளும் மடங்கவில்லை. வயதானவர்களுக்கு வருகிற மூட்டுவலி இல்லை இது, உடம்பே தன் மூட்டுகளைக் கடிக்கிற நோய், மாத்திரையால் அடக்கி வைக்கலாம், அனுப்பி வைக்க முடியாது என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: “விருந்தாளின்னு நெனச்சோம். இது குடித்தனம் வந்திருக்கு.”

காலைதான் அவளுக்கு எமன். எழுந்திருக்கும்போது பத்து விரலும் காய்ந்த ரொட்டி மாதிரி விறைத்து நிற்கும். பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறத்தாழ நல்ல கை. “பத்து மணி வரைக்கும் இது என் கை இல்லடி, இரவல் கை” என்பாள். மழை நாளென்றால் இரவல் பன்னிரண்டு மணி வரை நீளும்.

அப்பா குழாய் வேலை செய்பவர். கட்டடம் கட்டுகிற இடத்துக்கு ஆறு மணிக்கே போய்விடுவார். அதனால் அம்மாவுக்கு முடியாத நாட்களில் நான் பள்ளிக்கூடம் போகாமல் நின்றேன். முதலில் வாரத்தில் ஒரு நாள். பிறகு இரண்டு, மூன்று.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. அம்மாவால் சடை பின்ன முடியாமல் போனதும் என் முடியைக் காதளவுக்கு வெட்டிவிட்டார்கள். அதற்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பாடத்தை எழுந்து நின்று படிக்கச் சொல்வார்கள். நான் படிப்பது எனக்கே கேட்காது. “சத்தமா” என்பார் டீச்சர். மறுபடியும் “சத்தமா.” மூன்றாவது தடவை வகுப்பு முழுவதும் சேர்ந்து “சத்தமா” என்று சொல்லும். அம்மாவின் விரல் மடங்காத நாட்களில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டியதில்லை. சமையலறை ஜன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டு, யாருக்கும் எழுந்து நிற்காமல் இருக்கலாம்.

அத்தைதான் பேச்சை எடுத்தாள். அப்பாவின் தங்கை. சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து எங்கள் ஒரு வார அழுக்கைத் துவைத்துத் தள்ளிவிட்டுத்தான் உட்காருவாள். நல்லவள். எதற்கும் அவளிடம் தயாராக ஒரு தீர்ப்பு இருக்கும்.

“அண்ணி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த ஊமச்சி ஸ்கூலுக்குப் போய் என்னத்தக் கிழிக்கிறா? பாதி நாள் இங்கதான் இருக்கா. பேரை எடுத்துட்டு வீட்டோட வெச்சுக்கோங்க. உங்களுக்கும் ஒரு கை ஆச்சு.”

“எனக்கு ரெண்டு கை இருக்கே” என்றாள் அம்மா.

“இருக்கு. டம்ளரைப் பிடிக்குதா?”

“சாயங்காலம் பிடிக்குது.”

“காலைல?”

அம்மா கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

“எனக்கு முப்பது நாள் கொடுங்க. ஸ்கூல் நாள் முப்பது. இவளை ஒரு நாள்கூட நிறுத்தாம காலையை நானே ஓட்டறேன். ஓட்டிட்டேன்னா இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்தப் பேச்சை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது.”

“ஓட்டலைன்னா?” என்றாள் அத்தை.

“பேரை எடுத்துடலாம். நானே வந்து கையெழுத்துப் போடறேன். ஸ்கூல்ல சாயங்காலம் ஆபீஸ் இருந்தா.”

அப்பா சிரித்துவிட்டார். அத்தையும் சிரித்தாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா வீட்டை மாற்ற ஆரம்பித்தாள். பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் வேண்டியதையெல்லாம் சாயங்காலக் கையால் செய்து வைப்பது, அவ்வளவுதான். ஆறிலிருந்து ஏழு வரை அவளுடைய நேரம். அந்த ஒரு மணி நேரம் யாரும் அவளைக் கூப்பிடக் கூடாது. காய் நறுக்கி மூடி வைப்பாள். அரிசி அளந்து பாத்திரத்திலேயே போட்டு வைப்பாள். மாத்திரை டப்பாவின் மூடி அழுத்தித் திருகுகிற வகை, அதைக் காலையில் திறக்க அவளால் ஆகாது. அதனால் ராத்திரியே மாத்திரையை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு ஜன்னலில் வைப்பாள். பிளாஸ்கில் வெந்நீர். எழுந்ததும் அதைத் தட்டில் ஊற்றி இரண்டு கைகளையும் கால் மணி நேரம் அமிழ்த்தி வைக்க வேண்டும். இழுப்பறை, பிரிட்ஜ், அலமாரி எல்லாவற்றின் பிடியிலும் பழைய துணிக் கிழிசலை வளையமாகக் கட்டினாள். விரல் வேண்டாம், மணிக்கட்டை நுழைத்து இழுத்தால் போதும். வாசல் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டுக் கயிறு போட்டாள். கனமான பாத்திரங்களெல்லாம் இனி வேண்டாமென்று பரணில் ஏறிவிட்டன. அடுப்புப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் வந்தது. ஒரு வேலை, ஒரு உட்காரல். நடுவில் உட்காராமல் இரண்டாவது வேலைக்குப் போனால் மறுநாள் காலை அதற்கு அபராதம் வாங்கிவிடும் என்பாள்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதையும் இறுக்கி மூடக் கூடாது. ஜாடியானாலும் பிளாஸ்கானாலும் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். குழாயும் அப்படித்தான்.

“குழாய் ரிப்பேர் பண்றவன்கிட்டயே வந்து குழாயை மூடாதன்னு சொல்ற” என்றார் அப்பா.

“மூடாதன்னு சொல்லல. இறுக்காதீங்கன்னு சொல்றேன். ஊருக்கெல்லாம் ஒழுகாம பாத்துக்கிற கை, தன்னை அறியாம ஒரு சுத்து சேத்துச் சுத்திடும்.”

“வேலை தெரியாதவன்தான் இறுக்குவான். தண்ணி நின்னா கையும் நிக்கணும். அதுக்கு மேல சுத்தினா உள்ள இருக்கிற வாஷர் நசுங்கிடும். இவளைக் கேளு, சொல்லுவா.”

சின்ன வயதில் அவர் குழாய் கழற்றும்போது டார்ச் பிடித்தவள் நான். புது வாஷர் எப்படி வழுவழுப்பாக இருக்கும், இறுக்கி இறுக்கி நசுங்கியது எப்படி ஓரம் பிதுங்கி நடுவில் பள்ளம் விழுந்து இருக்கும் என்று இரண்டையும் என் கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். நான் தலையாட்டினேன்.

“அப்போ ஆஸ்பத்திரில இருக்கிற மாதிரி ஒண்ணு மாட்டுங்களேன். நீட்டப் பிடி வெச்சது. முழங்கையால தட்டினாலே தண்ணி வருது.”

“அதுக்கென்ன, இந்த வாரம் கொண்டாந்துடறேன்.”

“வாத்தியார் புள்ள மக்குன்னு சும்மாவா சொன்னாங்க. குழாய்க்காரர் வீட்டுக் குழாயைப் பாரு” என்றாள் அம்மா. அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கடை மூடிய பிறகுதான் அவருக்கு வீட்டு நினைவு வரும்.

முதல் நாள் காலை நான் வாசலில் தயங்கி நின்றேன். அம்மா தட்டு வெந்நீரில் கை வைத்தபடி, “போடி, பஸ் போயிடும். நான் என்ன பறந்தா போயிடப் போறேன்” என்றாள். சாயங்காலம் வந்தபோது சோறு இருந்தது. சமையலறைக் கதவின் பின்பக்கம் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு இருந்தது. முஷ்டியில் பிடித்துப் போட்ட கோணல் கோடு.

பத்துக் கோடு ஆனபோது அவள் முகமே மாறியிருந்தது. தையல்காரர் வாடகை விஷயமாக மேலே வந்தவர், துணி வளையங்களைப் பார்த்துவிட்டு, “என்ன தங்கச்சி, வீடு பூராவும் தூக்குக் கயிறா கட்டி வெச்சிருக்க?” என்றார்.

“உங்களை மாதிரி வாடகை கேட்டு வர்றவங்களுக்குத்தான் அண்ணே.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது, “சாயங்காலக் கை நல்லா இருக்குன்னா ஒரு அஞ்சு சட்டை அனுப்பட்டுமா? அவசரமே இல்ல” என்று கேட்டார். அம்மா கதவின் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். “முப்பது நாள் கழியட்டும்ணே” என்றாள். அன்று ராத்திரி ஊசி டப்பாவை எடுத்து ஜன்னலில், மாத்திரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கோடு ஏற ஏற நானும் அதைத் தினமும் எண்ண ஆரம்பித்தேன். முப்பதைத் தொட்டுவிட்டால் இன்னும் நான்கு வருஷம் ‘சத்தமா’.

பதினெட்டாம் நாள் காலை, கிளம்பும் முன் பிளாஸ்க் மூடியை ஒரு திருகு திருகினேன். இப்போது நினைத்தால் அதைச் செய்த கை வேறு யாருடையதோ போல இருக்கிறது. ஆனால் செய்யும்போது அப்படி இல்லை. நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். “பாத்துப் போ கண்ணு” என்றாள்.

சாயங்காலம் ஓடி வந்தேன். கதவின் பின்னால் பதினெட்டாவது கோடு இருந்தது.

“பிளாஸ்க் திறக்கல. உங்கப்பா கைவரிசை” என்றாள். “பல்லால கடிச்சுப் பாத்தேன். அப்புறம் ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டு, ரப்பர் செருப்பை மூடி மேல வெச்சு உள்ளங்கையால திருகினேன். திறந்துக்கிச்சு.” ஒரு விளையாட்டில் ஜெயித்தவள் மாதிரி சொன்னாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடியைச் சுற்றி மாட்டிவிட்டாள்.

“நான் தொடவே இல்ல” என்றார் அப்பா.

“தொடாம எப்படிங்க இறுகும்? பேயா வந்து இறுக்கிச்சு?”

இருபத்துமூன்றாம் நாள் மாத்திரைக் கிண்ணத்தைக் கொட்டி டப்பாவுக்குள்ளேயே போட்டு மூடினேன். அவள் மாத்திரையை மத்தியானம் போட்டுக்கொண்டு, ராத்திரி போட்டு வைக்க மறந்தது தான்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு கிண்ணம் வைத்தாள்.

நான் பூட்டுவேன், அவள் திறப்பாள். தன்னோடு போட்டி போடுவது யார் என்று தெரியாமலே அவள் ஜெயித்துக்கொண்டிருந்தாள்.

இருபத்தெட்டாம் நாள் மழை. இரண்டு நாளாக விடாமல் பெய்து சுவரெல்லாம் ஓதம். அம்மா எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அப்பா கிளம்பும்போது, “முடியலைன்னா புள்ளைய நிறுத்திக்கோ, நான் என் தங்கச்சிகிட்ட சொல்ல மாட்டேன்” என்றார்.

“நீங்க சொல்ல மாட்டீங்க. கோடு சொல்லும்” என்றாள் அம்மா. “இன்னும் மூணு காலைதான். போங்க.”

நான் டப்பாவைக் குழாயில் கழுவினேன். தண்ணீர் நின்றது. கை நிற்கவில்லை. இரண்டு கைகளாலும் பிடித்து, உடம்பைச் சாய்த்து, அது முனகும் வரை சுற்றினேன். பிறகு குடை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன்.

அடுத்து நடந்ததைத் தையல்காரர் சொல்லித்தான் கேட்டேன். ஒன்பது மணிக்கு அவர் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது, வெட்டி வைத்த துணி மேல் சொட்டென்று ஒரு துளி. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஈர வட்டம். “தங்கச்சி, மழை வெளியிலயா உள்ளயா?” என்று கத்திக்கொண்டே படியேறியிருக்கிறார். கதவுக்குக் கயிறு மட்டும் இருந்ததால் தள்ளியதும் திறந்துகொண்டது. சமையலறையில் குழாய் கழுத்தோடு ஒடிந்து தண்ணீர் சுவரில் பீய்ச்சிக்கொண்டிருந்தது. அம்மா தரையில், தண்ணீரில், ஒருக்களித்துக் கிடந்தாள். பக்கத்தில் அப்பாவின் பெரிய ரென்ச். அதைத் தூக்கிக் குழாயில் மாட்டவே அவளுக்கு அரை மணி நேரம் ஆனதாம். மாட்டிவிட்டு, விரலால் முடியாது என்று, அதன் மேல் தன் உடம்பைத் தொங்கவிட்டிருக்கிறாள்.

தையல்காரர் தூக்கப் போனபோது, “முதல்ல தண்ணிய நிறுத்துங்கண்ணே, உங்க துணி நனைஞ்சிடும்” என்றாளாம்.

மணிக்கட்டு முறிந்திருந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்ததும் அப்பா குழாயைப் பார்க்க உட்கார்ந்தார். தோள்பையிலிருந்து நீட்டப் பிடி வைத்த புதுக் குழாய் வெளியே வந்தது. மூன்று நாளாகப் பையிலேயே இருந்திருக்கிறது. அத்தை அடுப்பருகே நின்றுகொண்டிருந்தாள்.

“இனி பேச என்ன இருக்கு அண்ணி? நான் அப்பவே சொன்னேன்.”

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து கதவின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “முப்பது கேட்டேன். இருபத்தேழு ஓட்டிட்டேன்” என்றாள். “குழாய் மட்டும் திறந்திருந்தா இன்னிக்கும் ஓட்டியிருப்பேன். யாரு இறுக்கினதுன்னு மட்டும் தெரியணும்.”

“வேற யாரு? அண்ணன் கைதான்” என்றாள் அத்தை.

“நான் இல்...” என்று ஆரம்பித்த அப்பா நிறுத்தினார். ஒடிந்த குழாயின் தலையைக் கழற்றி, வாஷரை உள்ளங்கையில் தட்டியிருந்தார். ஓரம் பிதுங்கி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். வீட்டில் மூன்று பேர். ஒருத்தியால் திருக முடியாது. தான் திருகவில்லை. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

நான் சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காய்ந்துவிட்ட டப்பாவை.

“ஆமா” என்றார் அப்பா. “நான்தான். காலைல அவசரத்துல இறுக்கிட்டேன் போல. கைப் பழக்கம்.”

அம்மா அவரையே பார்த்தாள். “ஒரே ஒரு சட்டம்தானே போட்டேன்” என்றாள். அவர் வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புதுக் குழாயை மாட்டினார். முழங்கையால் தட்டினால் தண்ணீர் வந்தது.

ஒன்பது வருஷமாக நான்தான் இந்த வீட்டின் காலை. எல்லாம் என் கை. ஆறிலிருந்து ஏழு வரை இப்போது யாருக்கும் சொந்தமில்லை. துணி வளையங்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து விழுந்தன, யாரும் திரும்பக் கட்டவில்லை. தையல்காரர் சட்டை அனுப்பவில்லை. “உக்காந்துக்கிட்டே இருந்தா இன்னும் இறுகும், நடங்க, மடக்கி நீட்டுங்க” என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். அம்மா தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். “நீதான் இருக்கியே” என்பாள். அதில் பாசமும் இருக்கும்.

அப்பா சமையலறைக்குள் வந்தால் மட்டும் குரல் மாறும். “நீங்க எதையும் தொடாதீங்க.” முதலில் குத்தலாகச் சொன்னாள், பிறகு பழக்கமாகச் சொன்னாள். அவரும் தொடுவதில்லை. தண்ணீர் தாகம் எடுத்தாலும் வாசற்படியில் நின்றுகொண்டு, யாராவது மொண்டு தரும் வரை காத்திருப்பார். ஊரெல்லாம் குழாய் மாட்டுகிறவர். நான் டம்ளரை நீட்டுவேன். வாங்கிக் குடித்துவிட்டுத் தருவார். எத்தனையோ தடவை அந்த டம்ளரோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்திருக்கிறது.

சொல்வதற்கு எனக்கு ஒரு நல்ல நேரம் கிடைக்காமல் இல்லை. பேர் எடுக்கப் போன அன்றே கிடைத்தது.

குழாய் ஒடிந்த அடுத்த வாரம் அது. அம்மாவின் கை மாவுக்கட்டில் இருந்ததால் அப்பாதான் கூட வந்தார். தலைமை ஆசிரியையின் அறையில் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், நான் நின்றேன். தலைமை ஆசிரியை படிவத்தைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“உனக்கு இதுல சம்மதமாம்மா? இல்லைன்னா சொல்லு. உங்க வீட்ல நான் பேசறேன். ஏதாவது வழி பண்ணலாம்.”

என்னை முதன்முதலாகக் கேட்டது அவர்தான்.

“அவளே சொல்லட்டும் டீச்சர்” என்றார் அப்பா.

பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார், ஆனால் படிவத்தின் பக்கம் குனியவில்லை. என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே ஏதோ வகுப்பு ஒன்றாகச் சேர்ந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்கு அவசரம் இல்லை. அன்று பாதி நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மாவிடம் போய் அந்த இருபத்தேழு காலைகளையும் அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். மூன்று காலைகள்தான் பாக்கி. கட்டுப் பிரித்ததும் அவள் ஓட்டியிருப்பாள்.

“சம்மதம்” என்றேன்.

அறை முழுவதும் கேட்டது. பக்கத்து மேஜையில் எழுதிக்கொண்டிருந்த கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு தெளிவா பேசற பொண்ணு” என்றார் தலைமை ஆசிரியை. “கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிறான்னு டீச்சர் சொன்னாங்களே.”

அப்பா குனிந்து கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ‘தாயாரின் உடல்நலம்’ என்று எழுதினார்.

வெளியே கேட்டருகே அவருடைய சைக்கிள் நின்றது. பஸ்ஸுக்கு என்னைக் கொண்டுபோய் விடுவார் என்று நினைத்தேன். அவர் தோள்பையைக் கேரியரில் வைத்துக் கட்டினார். சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ துழாவி எடுத்து, என் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தார். வாஷர். ஒரு வாரமாக அந்தச் சட்டைப் பையிலேயே இருந்ததில் லேசாகச் சூடாக இருந்தது.

நான் நிமிர்ந்தபோது அவர் ஸ்டாண்டைத் தட்டிவிட்டிருந்தார். ஏறாமல், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரோட்டுத் திருப்பம் வரை நடந்து போனார்.